சுவரில்லாத கரிக்கொட்டில்

கருங்காலிமோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நிற்கும் எஞ்சினை ஊர்ச்சனம் கரிச்சட்டி என்றுதான் சொல்லும். புதிதாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு இரும்புப் பீப்பா, அதிலிருந்து வளைந்து போகும் ஒரு குழாய், தும்பு அடைத்த ஒரு பெட்டி, பிறகு மாட்டுவண்டிச் சில்லைவிடப் பெரிய ஒரு சக்கரம். பீப்பாவுக்குள் விறகுக்கரி கனன்றுகொண்டிருக்கும். டீசலும் இல்லை, பெற்றோலும் இல்லை. கரி கனலும்போது வரும் வாயுவை இழுத்து எஞ்சின் ஓடும், எஞ்சின் டைனமோவைச் சுற்றும், டைனமோ வெளிச்சம் தரும். எரிபொருள் உள்ளே வராத தடைக்காலத்து வன்னியில் எங்கள் மின்சார நிலையம் அதுதான். சிரித்த ஆம்பிளைகள் எல்லோரும் தங்கள் பெண்சாதிக்குப் பிள்ளைபெற வயிற்றுக்குத்து வந்த அன்றைக்கு அதன் முன்னால் கைகட்டி நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

நான் விமலேஸ்வரி. அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள். ஊர் எனக்கு வைத்த பேர் வாய்க்காரி. பொய்யில்லை. ஒருவர் கதைக்கத் தொடங்கினால் அதை நானே முடித்துவைக்காவிட்டால் எனக்குத் தொண்டை கடிக்கும். எஞ்சினை ஓட்டிய ஞானப்பிரகாசத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் என் வாயை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதை பொய்யாகிவிடும்.

முதலில் கரிச்சட்டியின் பூர்வீகம். 1931 என்று அதன் இரும்பிலேயே வார்த்திருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டை அறுக்க இங்கே மர ஆலை போட்டாராம். எஞ்சின் கப்பலில் வந்து, ரயிலில் மாங்குளம் வந்து, அங்கிருந்து யானை இழுத்து வந்ததாம். அறுபதுகளில் மரமும் முடிந்தது, ஆலையும் முடிந்தது. பிறகு துணுக்காய்ப் பக்கமிருந்து மின்கம்பம் வந்தது. கரிச்சட்டியில் கோழி முட்டையிட்டது. ஆலை இருந்த காணியில் ஆஸ்பத்திரி கட்டினார்கள், எஞ்சினை மட்டும் தூக்க ஆளில்லாமல் அப்படியே விட்டார்கள். தூணாக எட்டுப் பாலைமரக் கப்பு, மேலே தகரக் கூரை, சுற்றிவரச் சுவர் கிடையாது. ஆலை மூடிய காலத்தில் கல்லைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை தொடங்கியதும் மின்கம்பங்கள் வெறும் கம்பங்களாகின. அப்போது ஒரு நாள் சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த மஹ்றூப் நானா எங்கள் டொக்டரிடம் வந்தார். அவருடைய வாப்பா அந்த ஆலையில் கரி போட்டவர். இவரும் இளந்தாரி வயதில் அந்த எஞ்சினைத்தான் ஓட்டியவர்.

"டொக்டர், அவளை ஒருக்கா எழுப்பிப் பாக்கட்டோ?" என்று கேட்டார்.

நாற்பது நாள் பாடுபட்டார். கோழியைக் கலைத்தார், துருவைச் சுரண்டினார், உழவு ரெக்டர் சில்லின் ரியூப்பில் வளையம் வெட்டினார். ஆவணியில் ஒரு பின்னேரம் பிரசவ அறையில் பல்ப் எரிந்தது. நான் கை தட்டிக் கத்தியதில் வார்டில் காய்ச்சலில் கிடந்த ஒருவர் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மாதம்தான். ஐப்பசி கடைசியில் முஸ்லிம் சனம் முழுக்க வடக்கை விட்டு வெளியேற வேண்டும் என்று இயக்கம் அறிவித்தது. அன்று காலை மஹ்றூப் நானா மருந்தறைக்கு வந்தார். எஞ்சினைச் சுற்றி இயக்கும் இரும்புப் பிடியை என் மேசையில் வைத்தார்.

"வெளிக்கிடச் சொல்லிப்போட்டினம் தங்கச்சி. இதை நீங்க வைச்சிருங்கோ. ஆராவது அவளை ஓட்டினால் மூண்டு விசயம் சொல்லோணும்." கையைத் தூக்கி விரலை மடக்கினார். "ஒண்டு, நல்லா வெந்த பாலைக்கரி மட்டும்தான். பச்சை விறகுக்கரி போட்டால் கீல் பிடிச்சு நிண்டிரும். ரெண்டு, தும்புப்பெட்டியைக் கிழமைக்கொருக்கா கழுவோணும். மூண்டு..."

வெளியே ரெக்டர் ஹோர்ன் அடித்தது. அவர் மனைவி உம்மு ஹானி ஒரு துணிப் பொட்டளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரெக்டர் பெட்டியில் நின்றாள். இந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு மூன்று பிள்ளை பிறந்தது. அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை. எங்கள் ஊரிலிருந்து எங்கள் கண் முன்னால் அவர்களைக் கலைக்கிறார்கள், நான் மாத்திரை எண்ணிக்கொண்டு நிற்கிறேன். வெட்கம் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"ஐயோ நானா, உங்களுக்கென்ன விசரே?" என்று கத்தினேன். "பிள்ளை குட்டியள் ஏறி நிக்குதுகள், நீங்கள் கரிக்கதை கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்! போங்கோ, முதல் போங்கோ!"

அவர் மூன்றாவது விரலை மடக்காமலே கையை இறக்கினார். சிரிக்கப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

பிடி என் அலுமாரியில் ஆறு வருசம் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்ன டீசல் எஞ்சின் வந்தது. கிடைத்த டீசலுக்கு ஏற்ப அது ஓடியது, நின்றது, தொண்ணூற்றாறில் ஒரேயடியாக நின்றது. அந்த வருசம்தான் ஞானப்பிரகாசம் வந்தான்.

முல்லைத்தீவுக் கரையில் அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். கடலுக்கும் போவான். கத்தோலிக்கக் குடும்பம், கழுத்தில் மாதா சுரூபம். ஆடியில் அங்கே நடந்த பெரிய சண்டைக்குப் பிறகு கரையில் இருக்க முடியாமல் மனைவி மரியமலருடன் நடந்து வந்து, எங்கள் பள்ளிக்கூட வளவில் ஒரு பிளாஸ்ரிக் தறப்பாளுக்குக் கீழே ஒதுங்கினான். முப்பது வயது இருக்கும். அதிகம் கதைக்க மாட்டான், அதனால் எனக்கு அவனைப் பிடித்தது. எதையும் முதலில் மணந்து பார்ப்பான். மண்ணெண்ணெயை மணந்தே அதில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவான். நான் கொடுத்த இருமல் மருந்தையும் மணந்து பார்த்துத்தான் குடித்தான்.

"நஞ்செண்டு நினைச்சியோ?" என்று கேட்டேன்.

"கடற்பழக்கம் அக்கா, குறை நினையாதேங்கோ" என்றான்.

மரியமலர் அப்போது நாலு மாதம். முதற்பிள்ளையைப் பற்றி அவளேதான் எனக்குச் சொன்னாள். தொண்ணூற்றுநாலில், கரையில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பிரசவம். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய், விரல் நுனியளவு சுடர். கொடி பிள்ளையின் கழுத்தில் சுற்றியிருந்தது மருத்துவிச்சியின் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பிள்ளை இல்லை. அன்றிலிருந்து ஞானப்பிரகாசத்துக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். அடுத்த பிள்ளை வெளிச்சத்தில் பிறக்க வேண்டும். அதற்காகத்தான் எத்தனையோ இடம் இருக்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வந்து இருந்தான். எங்கள் ஆஸ்பத்திரியிலும் போத்தல் விளக்குத்தான் என்று கண்டபோது அவன் முகம் செத்துப்போயிற்று.

மறுநாள் கரிச்சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மணந்தான்.

"அக்கா, இது ஓடும்."

அலுமாரியைத் திறந்து பிடியை எடுத்துக் கொடுத்தேன். பாலைக்கரியைச் சொன்னேன். தும்புப்பெட்டியைச் சொன்னேன். மூன்றாவது ஒன்று இருந்தது என்று சொல்லவில்லை. என்னவென்று தெரியாததைச் சொல்லி என்ன பிரயோசனம் என்று அப்போது நினைத்தேன். வாய்க்காரி வாயை மூடிய இடத்தைப் பார்த்தீர்களா.

புரட்டாதியில் பல்ப் எரிந்தது. கிளிநொச்சியும் இடம்பெயர்ந்து வந்து சனம் மரத்துக்கு மரம் நிறைந்திருந்த காலம். காலை எட்டிலிருந்து மத்தியானம் வரை, பிறகு பொழுதுபட்டதும் மூன்று மணித்தியாலம் எஞ்சின் ஓடும். தடுப்பூசி மருந்து குளிர்ப்பெட்டியில் கெடாமல் இருந்தது. டொக்டர் மனுசராய்ச் சிரித்தார். ஞானப்பிரகாசம் ஒவ்வொரு நாளும் பிரசவ அறை வாசலில் நின்று பல்ப்பை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் போவான். அது யாருக்காக என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கார்த்திகை மழை வந்தது. வன்னி மழைக்கு மேலேயிருந்து விழத் தெரியாது, பக்கவாட்டில்தான் அடிக்கும். பெல்ற் நனைந்து வழுக்கியது. கரி ஈரமாகியது. ஒரு நாள் எருமை குத்திய ஒரு கமக்காரருக்கு டொக்டர் வயிற்றில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது வெளிச்சம் நூர்ந்துவிட்டது. பத்து நிமிசம். நான் ரோச் லைற் பிடித்தேன், அதன் பற்றரியும் சாகக் கிடந்தது. மனுசன் தப்பினார். ஞானப்பிரகாசம்தான் தப்பவில்லை. கொட்டிலில் நனைந்து நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

"உவள் பிள்ளை பெறப் படுத்திருக்கேக்குள்ள இப்பிடி நூர்ந்தால்?" என்றான்.

அடுத்த நாள் கொட்டிலுக்குச் சுவர் வைத்தான். ஒரு நிறுவனம் இடம்பெயர்ந்தவர்களுக்குக் கொடுத்த நீலத் தறப்பாளைத் தன் குடிசையிலிருந்தே கழற்றி வந்தான். இன்னும் மூன்று தறப்பாள் இரந்து எடுத்தான். கப்போடு கப்பு சேர்த்து இழுத்துக் கட்டி, கீழே ஓலைக்கிடுகு வைத்து, ஓட்டை இருந்த இடமெல்லாம் சாக்குத் திணித்தான்.

"கடலில எஞ்சினுக்கு முதல் எதிரி தண்ணிதான் அக்கா. முதல் வேலை மூடிக் கட்டுறது."

அந்தக் கிடுகில் இருபது என் வீட்டு வேலியிலிருந்து போனது. நானே தலையில் சுமந்து கொண்டுபோய்ப் போட்டேன். "இப்பதான் இது கொட்டில் மாதிரி இருக்கு" என்றும் சொன்னேன்.

கூரைத் தறப்பாள் போனபிறகு அவர்களின் குடிசைக்குள் ஒழுக்கு. ஊரிலேயே சூடாகவும் ஈரமில்லாமலும் இருந்த இடம் அந்தக் கொட்டில் ஒன்றுதான். மரியமலர் காலையில் வந்து பீப்பாவுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து இருப்பாள். எஞ்சின் நின்ற பிறகும் கரி கனன்றுகொண்டுதான் இருக்கும், அந்தச் சூட்டில் அப்படியே இருப்பாள். கோதுமை மாப்பைத் துணியைக் கழுவி வெட்டிப் பிள்ளைக்குச் சட்டை தைத்தாள். ஞானப்பிரகாசம் உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சுவான். "புகை மணம் துளியும் இல்லை. சுகமா இரும்" என்பான். அவன் கரி அள்ள, தண்ணீர் எடுக்க என்று மழைக்குள் போவதும் வருவதுமாக இருப்பான். அவள் உள்ளேயே இருந்தாள்.

மூன்று தரமாவது தலையிடி என்று என்னிடம் வந்தாள். பனடோல் கொடுத்தேன். சாப்பிட்டதெல்லாம் சத்தியாகப் போகுது என்றாள். "வயித்தில ராசா இருந்தால் அப்பிடித்தான் செய்வார்" என்று பகிடி விட்டேன். ஒரு நாள் கண் இருட்டி விழப்பார்த்தேன் என்றாள். "ஒரு நேரம் சாப்பிட்டால் எல்லாருக்கும் இருட்டும் பிள்ளை" என்றேன். அந்த வருசம் வன்னியில் தலையிடி இல்லாத ஆள் யார்? கேட்கத் தோன்றவில்லை. கேட்கிற பழக்கமும் எனக்கு இல்லை.

யேசு பிறந்த நத்தாருக்கு இரண்டு நாள் இருக்க, எதிர்பார்த்ததற்கு ஒரு மாதம் முன்னால், அவளுக்கு வயிற்றுக்குத்து வந்தது. பின்னேரம் மூன்று மணி, மழை இருட்டு. ஞானப்பிரகாசம் எஞ்சினை ஓட்டினான். அன்றைக்கு அது ஓடிய மாதிரி என்றைக்கும் ஓடவில்லை. பல்ப் ஒருமுறைகூட மங்கவில்லை. மருத்துவிச்சி அன்னபாக்கியம் அக்கா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த வெளிச்சத்தில ஊசிகூடக் கோக்கலாம்" என்றாள்.

பிள்ளை ஆண். முழு உறுப்போடும் இருந்தது. கழுத்தில் கொடி இல்லை. கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தது. அழவில்லை. அன்னபாக்கியம் அக்கா தட்டினாள், தடவினாள், வாயில் ஊதினாள், தலைகீழாகப் பிடித்தாள். கடைசியில் வெள்ளைச்சீலையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு வருசமா பாக்கிறன் விமலா. இப்பிடிச் சிவந்த சாப்பிள்ளையை நான் கண்டதேயில்லை" என்றாள்.

ஞானப்பிரகாசத்துக்குச் சொல்ல நான்தான் போனேன். கொட்டிலுக்குள் எஞ்சின் சத்தத்தில் நான் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. "லைற் காணுமோ, இன்னும் கூட்டட்டோ அக்கா?" என்று கத்திக் கேட்டான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவன் எஞ்சினை விட்டுவிடுவான் என்று நினைத்தோம். விடவில்லை. ஆஸ்பத்திரி வளவு வேப்பமரத்துக்குக் கீழே பிள்ளையைப் புதைத்த மூன்றாம் நாள் எஞ்சின் திரும்பவும் ஓடியது. "மற்றாக்கள்ர பிள்ளையள் இருக்கெல்லோ" என்றான். தொண்ணூற்றேழும் தொண்ணூற்றெட்டும் பெருஞ்சண்டையில் போயிற்று. நெடுங்கேணிச் சனம் வந்தது, போனது, திரும்ப வந்தது. அந்த வெளிச்சத்தில் எத்தனையோ பிள்ளை பிறந்தது. கோடையில் தறப்பாளைக் கழற்றி மடித்து வைப்பான், மழைக்குக் கட்டுவான். தொண்ணூற்றெட்டு மார்கழியில் மரியமலருக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. செபமாலையோடு மணிக்கணக்காக அந்தக் கொட்டிலுக்குள்தான் இருப்பாள். அவளுக்கு ஏதோ சாபம் என்று சனம் வாய் கூசாமல் கதைத்தது. கதைத்தவர்களை நான் கிழித்துத் தொங்கவிட்டேன். அதில் மட்டும் நான் கெட்டிக்காரி.

இரண்டாயிரமாம் ஆண்டு என் தொண்டையில் கட்டி வந்தது. "வாய்க்காரிக்கு வேற எங்க வரும்?" என்று டொக்டரே பகிடி பண்ணினார். வவுனியாவில் வெட்டி எடுக்க நாள் குறித்து, அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பக்கம் போய்வர ஏழு நாள் பாஸ் எடுத்துத் தந்தார்கள். ஐப்பசி தொடக்கம். மரியமலர் திரும்பவும் நாலு மாதம். நான் வெளிக்கிடும்போது அவள் வந்து மெதுவாக, "தொப்பி பின்னக் கொஞ்சம் கம்பளி நூல் வாங்கி வாங்கோ அக்கா, மஞ்சள் நிறத்தில" என்றாள். பின்னால் ஞானப்பிரகாசம் தறப்பாளை விரித்துப் பொத்தல் தைத்துக்கொண்டிருந்தான். மழை வர இன்னும் சில நாள் இருந்தது.

வவுனியாவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு அரிசி ஆலை. வாசலில் எண்ணெய்ச் சீலையால் கை துடைத்துக்கொண்டு ஒரு கிழவர் நின்றார். தாடி நரைத்திருந்தது. கையைத் துடைத்த விதத்தில்தான் ஆளைக் கண்டேன்.

"மஹ்றூப் நானா!"

"விமலேஸ்வரித் தங்கச்சியோ? அல்லாவே, சத்தம் மாறவே இல்லை!"

புத்தளத்தில் ஓலைக் குடிசையில் ஏழு வருசம் இருந்துவிட்டு, ஆலை வேலை கிடைத்து வவுனியா வந்தாராம். பின்னாலேயே வீடு. உம்மு ஹானி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு தேத்தண்ணி போட்டாள். நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"அவள் இருக்கிறாளோ?"

"இருக்கிறாளோவோ? நாலு வருசமா ஓடுறாள் நானா!" எனக்குப் பெருமை பொங்கியது. "முல்லைத்தீவுக் கரைப் பெடியன் ஒருத்தன் ஓட்டுறான். நல்ல கெட்டிக்காரன். மழைக்கு ஒரு சொட்டு உள்ள போகாது. சுத்திவரத் தறப்பாள் கட்டி, கிடுகு வைச்சு, சாக்கு அடைச்சு, காத்துக்கூட நுழையாது. மாரியில அவன்ர பெஞ்சாதி உள்ள இருந்து குளிர் காயுறவள் எண்டால் பாருங்கோவன்."

மஹ்றூப் நானா கோப்பையைக் கீழே வைத்தார். வலக்கையைத் தூக்கினார். இரண்டு விரலை மடக்கினார். மூன்றாவதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு இதைத்தான் சொல்ல வந்தன் தங்கச்சி. அந்தக் கொட்டிலுக்கு ஒரு கிடுகுகூட வைக்கப்படாது. கரிவாயு மணக்காது. கண்ணுக்கும் தெரியாது. முதல்ல தலை இடிக்கும், சத்தி வரும், பேந்து ஆளை நித்திரையிலயே கொண்டுபோயிரும். முதல்ல அதுக்குச் சுவர் இருந்தது. வாப்பா காலத்தில ஒரு மழை நாள், உள்ள படுத்த ரெண்டு பேர் எழும்பேல்லை. துரை அண்டைக்கே சுவரை இடிச்சுப்போட்டார்." மூன்றாவது விரலையும் மடக்கினார். "மவுத்தான மாதிரியே இல்லையாம். ரெண்டு பேரும் நல்லாச் சிவந்து கிடந்தாங்கள் எண்டு வாப்பா சொல்லுவார்."

அன்னபாக்கியம் அக்கா சொன்னது என் காதில் திரும்பக் கேட்டது.

"வயித்தில பிள்ளையோட ஆரும் உள்ள இருக்கேல்லைத்தானே?" என்று கேட்டார். "தாய் தப்பினாலும் பிள்ளை தப்பாது."

 உம்மு ஹானி எழும்பி வந்து என் தோளில் கை வைத்தாள். தகரக் கூரையில் ஒரு துளி விழுந்தது, பிறகு நாலு துளி, பிறகு கொட்டியது. அங்கே இப்போது தறப்பாள் கட்டுவான் என்ற நினைப்பு வந்ததும் நான் எழும்பிவிட்டேன்.

அடுத்த நாள் என் தொண்டை வெட்டுகிற நாள். போகவில்லை. பாஸ் இன்னும் ஐந்து நாள் கிடந்தது. பஸ்சில் ஏறி, சோதனைக்கு இறங்கி, பையைக் கொட்டிக் காட்டி, நடந்து, பிறகு ஒரு ரெக்டர் பெட்டியில் சீமெந்துச் சாக்கை மூடிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள். வழி முழுக்க மழை. கண்ட சாமியை எல்லாம் ஏசிக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் வந்தேன். மாதாவையும் விடவில்லை.

காலை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி வளவுக்குள் நுழைந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. நீலத் தறப்பாள் நான்கு பக்கமும் இறங்கிக் கட்டியிருந்தது. ஓடினேன். பிரித்துக்கொண்டு உள்ளே போனேன். மரியமலர் சாக்கில் சரிந்து கிடந்தாள், கை வயிற்றின் மேலே. கூப்பிட்டேன், அசையவில்லை. கக்கத்தில் கை போட்டு இழுத்து மழைக்குள் கொண்டுவந்து போட்டேன். கன்னத்தில் அடித்தேன். மழை அவள் முகத்தில் அடித்தது. கடைசியில் கண்ணைத் திறந்தாள்.

"என்னக்கா... தலையிடியில கொஞ்சம் கண் அயர்ந்திட்டன்" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதேன். அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

கரிச்சாக்கோடு வந்த ஞானப்பிரகாசம் சாக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். அன்னபாக்கியம் அக்கா மரியமலரை வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போனதும் நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மஹ்றூப் நானாவின் மூன்று விரலை, நான் அவரைத் துரத்தினதை, மணமில்லாத வாயுவை, பனடோலை, என் வீட்டுக் கிடுகை. அவன் ஒருமுறையும் குறுக்கே வரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மழையில் அவன் தலைமயிரிலிருந்து தண்ணீர் வழிந்தது.

நான் சொல்லி முடித்ததும் கேட்டான்.

"அக்கா, பிள்ளை பிறந்த அண்டைக்கு லைற் ஒருக்காலும் நூரேல்லை எல்லோ?"

"இல்லைத் தம்பி. நூரேல்லை."

தலையை ஆட்டினான். இடுப்பிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்துக் கப்பு கப்பாகப் போய்க் கயிற்றை அறுத்தான். முடிச்சை அவிழ்க்க நேரமில்லாதவன்போல அறுத்தான். தறப்பாள் நான்கும் சேற்றில் விழுந்தது. கிடுகைக் காலால் உதைத்துத் தள்ளினான். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, மாதா சுரூபத்தை வாயில் கடித்துக்கொண்டு அந்தச் சேற்றிலேயே இருந்தான். நான் கிட்டப் போனேன்.

"நானும்தான் தம்பி. நான் அந்த மனுசனைச் சொல்லவிட்டிருந்தால்..."

"நீங்கள் சொல்லேல்லை" என்றான். "நான் கட்டினனான்."

அதற்குப் பிறகு ஐந்து மாதம் என்னோடு கதைக்கவில்லை. கேட்டால் தலையாட்டுவான். எனக்கு அது வேண்டும்தான். பெல்ற்றுக்கு மேலே மட்டும் ஒரு தகரம் மடித்து வைத்து, தான் நனைந்துகொண்டு எஞ்சினை ஓட்டினான். வெளிச்சம் சில நாள் நூர்ந்தது. டொக்டர் பொறுத்துக்கொண்டார். மரியமலரைக் கொட்டில் பக்கம் வரவே விடவில்லை. கம்பளி நூல் வாங்க மறந்துவிட்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு ஒரு கிழமை ஆயிற்று.

இரண்டாயிரத்தொன்று பங்குனியில் அவளுக்கு நோக்காடு வந்தது. விடிந்த கையோடு, மப்பும் மந்தாரமும். அன்னபாக்கியம் அக்கா உள்ளேயிருந்து "லைற்!" என்று கூப்பிட்டாள். ஞானப்பிரகாசம் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டிலுக்கு வெளியே நின்றான். சுற்ற அவனுக்குக் கை வரவில்லை. என்னைப் பார்த்தான்.

"போடட்டோ அக்கா?"

ஐந்து மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் கதை. உடனே பதில் சொல்லாமல் நான் கொட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தேன். எட்டுக் கப்பு, நடுவில் காற்று.

"போடு தம்பி" என்றேன்.

பிள்ளை பெண். கறுத்து, சுருங்கி, வாயைப் பிளந்துகொண்டு கத்தியது. "ஊருக்கு இன்னொரு வாய்க்காரி" என்றாள் அன்னபாக்கியம் அக்கா. நிதர்சனா என்று பேர் வைத்தார்கள். ஞானப்பிரகாசம் பிள்ளையை வாங்கி முதலில் தலையை மணந்து பார்த்தான். பிறகு உள்ளங்கையை அதன் நெஞ்சில் வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றான். மணத்தை அவன் இப்போது நம்புவதில்லை.

அந்தக் கிழமை நான் ஒரு பழைய தகரத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதினேன். முதல் வரி, இந்தக் கொட்டிலை எந்தக் காரணத்துக்காகவும் மூடிக் கட்டக்கூடாது, உள்ளே ஆட்கள் இருக்கக்கூடாது. பிறகு கரி, பிறகு தும்புப்பெட்டி. கீழே: சொன்னவர், மஹ்றூப் நானா. ஞானப்பிரகாசம் அதைக் கப்பில் அடித்தான்.

பத்து நாள் போகவில்லை, இயக்கத்தின் பொறுப்பான ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். தகரத்தை வாசித்தார்.

"எல்லாம் சரி அக்கா. அந்தப் பேர் என்னத்துக்கு? அதை அழிச்சுவிடுங்கோ, வீண் பிரச்சினை."

"அவர்தானே தம்பி சொன்னவர்."

"இருக்கலாம். அழிச்சால் நல்லது."

எனக்கு வெட்கம் கோபமாகத்தான் வரும் என்று முதலிலேயே சொன்னேன். இந்த முறை கோபம் கோபமாகவே வந்தது.

"அந்த மனுசனை இந்த ஊரால கலைச்சதுக்கு அந்தா அந்த வேப்பமரத்துக்குக் கீழ ஒரு பிள்ளை கிடக்குது. பேரையும் அழிச்சால் இன்னும் எத்தினையைப் புதைக்கிறது? நீர் சொல்லும்!"

அவர் சைக்கிளைத் திருப்பினார். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஞானப்பிரகாசம் கொட்டிலுக்குள் போனான். சுத்தியலை எடுத்துவந்து தகரத்தைக் கழற்றினான். பேரை அழிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் ஏணி வைத்து ஏறி, கையெட்டாத உயரத்தில் அதைத் திரும்ப வைத்து, நாலு ஆணி இருந்த இடத்தில் எட்டு ஆணி அடித்தான்.